கடல் பக்கத்து வெள்ளை

துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்துக்கு எண்பத்தெட்டு வயது. முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு மின்விளக்கு, இப்போது ஆளே வேண்டாத தானியங்கி விளக்கு. இத்தனையும் மாறியும் பெயிண்ட் விஷயத்தில் மட்டும் துறைமுக அலுவலகத்தின் கை நீளவே இல்லை. கப்பல்காரன் பார்க்கிற பக்கத்துக்கு வெள்ளை. ஊர் பார்க்கிற பக்கம் வெறும் கல். கடைத்தெருவில் அதற்குப் பெயரே 'பாதிச் சவரம்'தான்.

கடைசிக் காவலரின் மனைவி அதன் காலடியில் இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தினாள். வருடா வருடம் அவர் கயிற்றுப் பலகையில் தொங்கியபடி பூசும் அந்த வெள்ளையை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. படகில் போனால்தான் தெரியும். படகு அவளுக்கு ஆகாது.

"நான் திரைச்சீலை தைச்சப்போ நிமிர்ந்து பார்த்தீங்களா? உங்க சுவத்தைப் பார்க்க நான் மட்டும் கடல்ல இறங்கணுமாக்கும்!" என்பாள். மனிதர் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

குறுக்காக ஒரு வரி பூச ஆரம்பித்தால் ஓரம்வரை முடிக்காமல் இறங்க மாட்டார். நடுவில் விட்டால் ஒட்டுத் தெரியுமாம். போன வருடம் ஒருநாள் பத்து மணிக்கே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"அதுக்குள்ள என்ன?"

"வரி முடிஞ்சுது. டீ குடிக்கலாம்னு வந்தேன்."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் வைத்தாள். கோப்பையோடு திரும்பியபோது அவர் இல்லை. நாற்காலியில் உடம்புதான் இருந்தது. நெஞ்சுவலியோடு வந்தாரா, வலி பிறகுதான் வந்ததா? ஒரு வருடமாக அந்தக் கேள்வி அவளைத் தின்றது.

நாளை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கோபுரம் முழுவதற்கும் வெள்ளை அடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள்.

"அண்ணி, நீங்களா? அண்ணன் தலைகீழா நின்னு கூப்பிட்டும் வராதவங்களாச்சே!" என்றார் படகுக்காரர்.

"இப்ப வந்துட்டேன்ல. எடுங்க."

முனையைச் சுற்றியதும் கோபுரம் திரும்பி நின்றது. மேலே புது வெள்ளை, கீழே மங்கிய பழசு. இரண்டுக்கும் இடையில் கடைசி வரி. அது ஓரத்தைத் தொடவில்லை. பாதியிலேயே தூரிகை கீழ்நோக்கி இழுபட்டு நின்றிருந்தது.

"வரி முடியல," என்றாள்.

"என்ன அண்ணி?"

"பொய் சொல்லியிருக்கார்."

படகுக்காரர் ஒன்றும் புரியாமல் கோபுரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திருப்பட்டுமா?"

"உங்களுக்கு வேற சவாரி இருக்கா?"

"இல்ல."

"அப்ப எஞ்சினை நிறுத்துங்க."