அப்பியாவின் மூக்குக்குக் கல் போதவில்லை

1

இந்தக் கதை ஒரு காதிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்ரோதீசியாஸ் நகரத்துச் சந்தைத் திடலின் வடக்குத் தூண்வரிசையில் ஒரு பளிங்குப் பெண் நிற்கிறாள். அவளுடைய காதுகள் இரண்டும் பின்னோக்கித் திரும்பியிருக்கின்றன. பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "பொழுது புலர்ந்தது. பளிங்கு மலை பொன்னிறமாக…" [வேண்டாம். எல்லாக் கதையிலும் பொழுது புலர்ந்துகொண்டேதான் இருக்கிறது.]

இரண்டாவது: "பெண் என்பவள் கல்லா, அல்லது கல் என்பதே…" [இதை எழுதியவனை எனக்குத் தெரியாது.]

மூன்றாவது: கல்லியாஸ் கஞ்சன்.

இது இருக்கட்டும்.

2

கல்லியாஸின் இரண்டாம் மனைவி அப்பியா. குளியல்கூடத்தின் இடிந்த கூரையைத் தன் சீதனத்தில் கட்டிக்கொடுத்தவள். அதற்காக நகரசபை அவளுக்குச் சிலை வைக்க இடம் தந்தது. திருவிழாவுக்குள் நிறுத்த வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். சிலைக்கான செலவு வீட்டாருடையது.

கல்லியாஸின் முதல் மனைவி மெலிதினே இறந்துபோனவள். அவளுடைய பளிங்குச் சிலை தோட்டத்தில் சும்மா நின்றிருந்தது.

"மூஞ்சிய மட்டும் மாத்திச் செதுக்கிட்டா முடிஞ்சுது," என்றான் கல்லியாஸ், அவரையை மென்றபடி. "ஊரே அப்படித்தானே செய்யுது?"

உண்மைதான்.*

* எங்கள் நகரசபைத் தலைவரின் சிலை, போன தலைமுறையில் ஒரு மல்யுத்த வீரன். தோள்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் வேலைக்காரர்களுக்கு இன்றும் மெலிதினேதான் "அம்மா". அப்பியா "புது அம்மா". தூக்கக் கலக்கத்தில் கல்லியாஸ் கூப்பிடுவதும் அந்தப் பெயரைத்தான். ஊரில் ஓர் இடத்திலாவது தன் முகத்தோடு நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதுவும் இன்னொருத்தியின் முகத்துக்குள்தான் கிடைக்கும் என்றால்…

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அழக்கூடிய மூக்கு இல்லை அது.]

3

சிற்பி ஆர்த்தெமோன், சிலையின் தோள்களுக்கு நடுவே குழியில் செருகியிருந்த தலையைத் தனியே தூக்கிப் பட்டறை மேடையில் வைத்திருந்தார். அப்பியாவின் முகத்தையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கோவிச்சுக்கக் கூடாதும்மா. பளிங்குல எடுக்கத்தான் முடியும், சேக்க முடியாது. அந்தம்மா மூக்கு இத்துனூண்டு. உங்களுது…"

"சொல்லு."

"செழிப்பா இருக்கு."

"கப்பல் முனைனே சொல்லிடுய்யா."

"கப்பல் முனைதாம்மா. அது வேணும்னா மொத்த மூஞ்சியையும் உள்ள தள்ளணும். கடைசில அத்திப்பழம் அளவுலதான் மூஞ்சி நிக்கும்."

"அப்ப சின்ன மூக்கே இருந்துட்டுப் போகட்டுமே," என்றான் கல்லியாஸ். "யாரு கிட்டப் போயிப் பாக்கப்போறாங்க?"

"நான் பாப்பேன்," என்றாள் அப்பியா.

[இதற்குப் பிறகு வந்த மௌனத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நீங்களே கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.]

அப்பியா மேடையைச் சுற்றி வந்தாள். மெலிதினேயின் பின்தலையில் அந்தக் காலத்துக் கொண்டை, பூசணிக்காய் கணக்காக. அதைத் தட்டினாள்.

"இங்க எவ்வளவு கல்லு சும்மா கெடக்கு, பாரு."

ஆர்த்தெமோனின் பல் தெரிந்தது. "கொண்டையில மூஞ்சிய வெட்டி, தலையத் திருப்பி மாட்டிடலாம்ங்கிறீங்களா? மூக்கு தாராளமா வரும்மா. காதுதான் பின்னால பாத்துக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும். எங்க வீட்டுல எல்லாரும் பின்னாலதானே பேசுறாங்க."

4

கொண்டையிலிருந்து அப்பியா வந்தாள். மூக்கு முன்னால் வந்தது. கல்லியாஸ் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"பின்னால இருக்குற பழைய மூஞ்சிய வழிச்சுடு. ஒரே தலையில ரெண்டு பொண்டாட்டின்னா ஊரு சிரிக்கும்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

[அந்த முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னான். கஞ்சன் என்று தொடங்கியது தவறோ என்று இப்போது தோன்றுகிறது. ஒருவேளை அந்தச் சிலையைத் தோட்டத்தில் தினமும் பார்க்க அவனால்… தெரியவில்லை. அவனும் சொல்ல மாட்டான்.]

வெளியே வண்டி காத்திருந்தது. ஆர்த்தெமோன் உளியை எடுத்தார். "வழிச்சுடவாம்மா?"

மெலிதினேயின் முகம் மிஞ்சியிருந்த ஒரே இடம் இதுதான். அது தொலைய வேண்டும் என்று எத்தனையோ தடவை அப்பியா நினைத்திருக்கிறாள். முதல்முறையாக இப்போதுதான் கிட்டே குனிந்து பார்த்தாள். மெலிதினேயின் உதட்டின் ஒரு முனை உள்ளே இழுபட்டிருந்தது. விருந்தாளிகளிடம் கல்லியாஸ் எப்போதும் சொல்லும் அந்த ஒரே கழுதைக் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் தன் உதடும் அப்படித்தான் போகும் என்பது அப்பியாவுக்குத் தெரியும்.

"அடிப்பாவி," என்றாள். "நீயும் கேட்டிருக்கியா?"

"என்னம்மா?"

"உன்கிட்ட இல்லய்யா."

5

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

"வழிச்சுடு" என்கிறாள். அன்றோடு வீடு அவளுடையதாகிவிடுகிறது. நியாயம்தான்.

"விட்டுடு" என்கிறாள். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பமுடியவில்லை.

உளியைத் தானே வாங்கி, அந்தச் சின்ன மூக்கை மட்டும்… [என் மனைவிக்குப் பிடித்த முடிவு.]

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டேன். சிலை இப்போது சுவரை ஒட்டி நிற்கிறது. முன்னால் போகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் அப்பியாவும் அவள் மூக்கும்தான். பின்தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும். நான் பலமுறை கையை உயர்த்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இறக்கிவிட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் கையை விட்டுப் பாருங்கள். விரலில் என்ன தட்டுப்பட்டாலும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.