பறவையின் பங்கு

"ப்ர்ர்ர்... ம்ம்!" காலையிலிருந்து கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், தேன்காட்டிப் பறவை வரவில்லை. நியாசா காட்டில் எந்தப் பொந்தில் தேன் இருக்கிறதென்று அதற்குத்தான் தெரியும். இடம் காட்டுவது அது, புகை போட்டு மரத்தைப் பிளப்பது நாங்கள். தேன் எங்களுக்கு, மெழுகடை அதற்கு. பச்சை இலை பரப்பி அதில் அடையை வைக்காமல் எங்கள் ஆட்கள் யாரும் வீடு திரும்பமாட்டார்கள்.

கோடாரியோடு பின்னால் வந்துகொண்டிருந்தான் அசானி, என் மனைவியின் தம்பி. இந்த வருடம் அவனுக்கு ரொம்பவே பொறுப்பு வந்திருந்தது. "நீ நட மச்சான், நான் நெருப்ப நல்லா அணைச்சுட்டு வரேன். காடு பத்திக்கிச்சுன்னா?" என்று ஒவ்வொரு முறையும் கடைசியில் தங்கிவிடுவான். அதை மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான்.

உச்சி வெயிலில் ஒருவழியாகப் பறவை வந்தது. தலைக்கு மேலே கிளையில் உட்கார்ந்து சளசளவென்று கூப்பிட்டது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அசானி, இன்னைக்கு நீ முன்னாடி போடா."

அவன் நகரவில்லை. "நீயே போ மச்சான். கால்ல முள்ளு."

குனிந்து பார்த்தேன். முள் இல்லை. அவன் முகத்தில்தான் ரத்தம் இல்லை. பங்கு கிடைக்காத பறவை அடுத்த முறை சிங்கத்திடம் கூட்டிப்போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பொம்பளைங்க கதை என்று அதைக் கேலி செய்தவன் இவன்தான்.

"மெழுக எடுத்தியாடா?"

"வியாபாரி தேன விட மெழுகத்தான் கேக்குறான். பறவைக்கு என்ன மச்சான், காட்டுல பூச்சி புழுவா இல்ல?"

"எத்தன தடவ?"

நெருப்பை அணைக்கிறேனென்று பின்தங்கிய எல்லாத் தடவையும்தான். திருடியதைக்கூட மன்னித்துவிடலாம். திருடிவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்தப் பறவைக்குப் பின்னால் என்னையல்லவா முதலில் நடக்கவிட்டான்!

பறவை அடுத்த மரத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தது. கூப்பிட்டவன் நான், நம்பி வந்தது அது. அவன் கையிலிருந்த கோடாரியைப் பிடுங்கினேன்.

"போவாத மச்சான்! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எதிரே புல் என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தது. அதற்குள் எங்கிருந்தோ பறவை மறுபடியும் கூப்பிட்டது. நான் புல்லை விலக்கினேன்.