டேலி ஆகாத முதல் கேள்வி

மூன்றாவது முறையும் நான் தோற்றபோது ஆலையில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஐம்பது எடுத்தால் தேறலாம். நான் எடுத்தது நாற்பத்தேழு. கணக்காளர் உரிமத்துக்கு எழுத வேண்டிய தாள்களில் நிதி அறிக்கைத் தாள் ஒன்றுதான் எனக்குப் பாக்கி. மற்றதையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டேன். அந்த ஒரு தாள் ஒன்றரை வருடமாக என்னை இழுத்தடித்துக்கொண்டிருந்தது.

என் பெயர் நலியாகா. புங்கோமா நகரில் ஒரு மக்காச்சோள மாவு ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பழைய தலைமைக் கணக்காளர் எல்டோரெட்டுக்கு வேலை மாறிப் போன நாளிலிருந்து அவர் வேலையையும் நான்தான் பார்க்கிறேன், அவர் நாற்காலியில்தான் உட்காருகிறேன். பதவி மட்டும் வரவில்லை. அதற்கு உரிமம் வேண்டும். ஜூலையில் முடிவு வந்த வாரம் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார்.

"நவம்பர் பரீட்ச வரைக்கும் பொறுத்துப் பாக்கறோம் நலியாகா. அதுக்கு மேல என்னால முடியாது. பிப்ரவரியில பேப்பர்ல விளம்பரம் குடுத்துருவோம்."

வெளியிலிருந்து எவனோ வந்து அந்த நாற்காலியில் உட்காருவான். எந்தப் பேரேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று நான் அவனுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

கூடப் படிக்க ஆள் வேண்டுமே என்று மகோகாவைப் பிடித்தேன். பெண்கள் பள்ளி ஒன்றில் கட்டணக் கணக்கு பார்ப்பவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவனுக்கும் இந்தத் தாள்தான் கடைசி; முதல் முறையாக எழுதப் போகிறான். எந்தத் தாளிலும் ஐம்பத்திரண்டுக்கு மேல் எடுத்தவன் இல்லை, எதிலும் தோற்றவனும் இல்லை. அவன் எழுத்தைப் பார்த்தால் தாளின் மேல் கோழியைக் கிளறவிட்ட மாதிரி இருக்கும். இவனெல்லாம் தேறுகிறான், நான் தேறவில்லை என்ற கடுப்பு எனக்கு உள்ளூர இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிசாவின் சுட்ட இறைச்சிக் கடையில் உட்கார்ந்து படித்தோம். பதினொரு மணிக்குத்தான் கறி சுட ஆரம்பிப்பார்கள், ஆளும் வரத் தொடங்கும். அதுவரை மேசைகள் சும்மா கிடக்கும். கிசா பால் தேநீரும் எண்ணெயில் பொரித்த சூடான மண்டாசியும் கொண்டுவந்து வைப்பான். பதினொன்று அடித்ததும், "கணக்கப்பிள்ளைங்களா, எந்திரிங்க. காசு குடுத்துத் தின்ற ஆளுங்க வந்தாச்சு" என்று ஈரத்துணியோடு வந்து நிற்பான். என் புத்தகத்தில் ஆட்டுக் கொழுப்பு படியாத பக்கமே கிடையாது.

ஆகஸ்டில் ஒரு நாள் உண்மைத் தேர்வு போலவே எழுதிப் பார்த்தோம். ஐந்து கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு இருபது மதிப்பெண். அவன் ஐந்தையும் முடித்தான். நான் மூன்றைத்தான் முடித்திருந்தேன்.

"அக்கா, முதல் கேள்விக்கு எல்லா எண்ணையும் எட்டு மணிக்கே எழுதிட்டீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் ஒம்போது மணி வரைக்கும் என்ன பண்ணீங்க?"

"பேலன்ஸ் ஷீட் டேலி ஆகல. தேடினேன்."

"கெடச்சுதா?"

"கெடைக்காம என்ன? தேய்மானத்த ரெண்டு தடவ கழிச்சிருந்தேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதுக்கு எத்தன மார்க் தெரியுமா? ரெண்டு. அந்த ரெண்டு மார்க்குக்காக நாப்பது மார்க்க எழுதாம விட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

நான் தேநீரைக் குடித்தேன். அவன் விடவில்லை.

"ஒரு கேள்விக்கு முப்பத்தாறு நிமிஷம். டேலி ஆகலன்னா கூட்டுத்தொகைக்குக் கீழ கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருங்க. திருத்தறவரு வந்த வழிக்குத்தான் மார்க் போடறாரு. போய்ச் சேந்த எடத்துக்கு இல்ல."

"ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கற கணக்குக்குக் கீழ நான் கோடு போடணுமா? உங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான் நடக்குதா?"

"பள்ளிக்கூடத்துல டேலி ஆகற வரைக்கும் நான் வீட்டுக்கே போக மாட்டேன். இது பரீட்சக்கா."

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வந்தது. பதினைந்து வருடத்தில் சமமாகாத ஏட்டை நான் ஒரு நாளும் மூடியதில்லை. ஒரு ஷில்லிங் வித்தியாசத்துக்காக மூன்று நாள் பழைய ரசீதுகளைப் புரட்டியவள் நான். அதற்காகத்தான் ஆலையில் எனக்கு மரியாதை. அதையே விடு என்றால் எப்படி விடுவது?

செப்டம்பரில் மகோகா தானே கேள்விகளை எழுதிக்கொண்டு வர ஆரம்பித்தான். பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்தது என்றான். சரியாக முப்பத்தாறாவது நிமிடத்தில் என் தாளைப் பிடுங்குவான். முதல் வாரம் நான் விடாமல் பிடித்ததில் தாள் கிழிந்தது. இரண்டாம் வாரம் கை தளர்ந்து கொடுத்துவிட்டேன். மூன்றாம் வாரம் ஒரு திருட்டு வேலை செய்தேன். கேள்வியை இன்னொரு தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு முழுக்க அதோடு உட்கார்ந்தேன். என் கணவர் முக்வானா சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியதை ஒரு வார்த்தையில் முடிப்பவர். அன்றைக்கு அவரே மக்காச்சோள மாவில் உகாலி கிண்டி, கீரை வதக்கி, தட்டை என் தாளின் மேலேயே வைத்தார். "சாப்புடு" என்றார். திங்கட்கிழமை ஆலையில் தேடினேன். செவ்வாய் மதியம் வேறு வழி தெரியாமல், கேள்வியில் கொடுத்திருந்த எண்களையே கூட்டிப் பார்த்தேன். யாரும் அதைச் செய்வதில்லை. வினாத்தாளில் அச்சடித்து வந்ததைச் சந்தேகப்படுவது எங்கள் வழக்கமில்லை. பற்றும் வரவும் அங்கேயே சமமாக இல்லை. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"டேய், கேள்வியே தப்பா இருக்குடா."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நான்தான் ஒரு எண்ண மாத்தினேன். மூணு வாரமா குடுத்த எல்லாத்துலயும் மாத்தியிருக்கேன். யாரு தேடினாலும் கெடைக்காது. கெடைக்கலன்னா சலிச்சுப்போய் விட்டுருவீங்கன்னு நெனச்சேன். நீங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவீங்கன்னு எதிர்பாக்கல."

நான் போட்ட சத்தத்தில் வெளியே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாள் அவன் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவன் திருடியது என்னுடைய மூன்று நாளை. தேர்வு மண்டபத்தில் மூன்று முறை என் நேரத்தை யார் திருடினார்கள்? நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை போனேன். "இந்த வாரக் கேள்வியிலயும் கை வச்சிருக்கியா?"

"சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு பதில்தான் எனக்கு மருந்தாக வேலை செய்தது. வித்தியாசம் வந்தால் அது என் தவறா, அவன் விஷமமா என்று தெரியாது. தெரியாததால் விட முடிந்தது. கை நமைக்கும். விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். அக்டோபர் கடைசியில் மூன்று மணி நேரத்துக்குள் ஐந்து கேள்வியும் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன்.

நானும் அவனைச் சும்மா விடவில்லை. வாராவாரம் அவன் தாளைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, எந்த இடத்தில் பிசகினான், அதைச் சரிசெய்தால் இரண்டு பக்கமும் எப்படி வந்து நிற்கிறது என்று காட்டுவேன். "வாழ்க்கையில ஒரு தடவையாவது டேலி ஆன பேலன்ஸ் ஷீட்ட நீயே போட்டுப் பாருடா. அதுல ஒரு ருசி இருக்கு" என்பேன். அவன் மண்டாசியை மென்றுகொண்டே தலையாட்டுவான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, தேவாலயத்தில் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளைப் போதகர் முன்னால் கூப்பிட்டு அவர்கள் பேனாவை ஆசீர்வதிக்கும் நாள். என் மகள் நெலிமாவும் அந்த வருடம் எழுதினாள். அவள் எழுந்து போனதும் முக்வானா என் முதுகில் கை வைத்து, "நீயும் போ" என்றார். நாற்பத்தோரு வயதில், சீருடை போட்ட பிள்ளைகளுக்கு நடுவே பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்றாள் நெலிமா பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் வீட்டுக்கு வந்ததும், தேர்வுக்காகத் தனக்கு வந்திருந்த வாழ்த்து அட்டைகளில் ஒன்றை எடுத்துத் தன் பெயரை அடித்துவிட்டு, 'அம்மா' என்று எழுதி என் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நவம்பரில் தேர்வு, காகமேகா நகரில். மகோகா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். முதல் கேள்வி பேலன்ஸ் ஷீட். முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் இரண்டு பக்கத்தையும் கூட்டினேன். வித்தியாசம் ஆறாயிரத்து முந்நூறு.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த எண் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறோம் என்று சந்தேகப்படுவோம். ஆறாயிரத்து முந்நூறு வகுபடுகிறது. எதைத் தேட வேண்டும் என்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் போதும். இது மகோகாவின் விஷமமும் இல்லை, அச்சடித்து வந்த கேள்வி. தேடினால் நிச்சயம் கிடைக்கும். பேனா தானாகவே மேல் வரிக்குப் போனது. பத்து நிமிடம் என்றுதானே மூன்று முறையும் ஆரம்பித்தேன்?

சமமாகாத இரண்டு தொகைகளுக்கும் கீழே இரட்டைக் கோடு போட்டேன். கோடு வளைந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினேன்.

ஐந்து கேள்வியும் எழுதிவிட்டு வெளியே வந்தபோது மகோகா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு விசித்திரமான சந்தோஷம்.

"அக்கா, முதல் கேள்வி எனக்கு டேலி ஆயிருச்சு."

"எத்தன மணிக்கு?"

அவன் தரையில் விரலால் கோடு கிழித்தான். எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"விட முடியலக்கா. கிட்ட வந்துருச்சு. ஒங்க செவப்புப் பேனா கண்ணு முன்னாடியே நின்னுச்சு. கடைசியில ரெண்டு பக்கமும் ஒரே எண்ணா வந்தப்ப எனக்கு ஒடம்பே சிலிர்த்துருச்சு." பிறகு மெதுவாகச் சொன்னான், "நாலாவது, அஞ்சாவது கேள்விய நான் படிக்கக்கூட இல்ல."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று திட்டுவது? அவன் புத்தியை எனக்குக் கொடுத்துவிட்டு என் நோயை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இருவரும் ஆளுக்கொரு சுட்ட சோளம் வாங்கித் தின்றுகொண்டே பேருந்துக்கு நடந்தோம்.

ஜனவரி கடைசி வாரம், ஆலையில் இருக்கும்போது போனில் முடிவு வந்தது. அறுபத்தொன்று. எண்ணை மூன்று முறை படித்தேன். நிர்வாகியின் அறைக்குப் போய் போனையே அவர் மேசையில் வைத்தேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். "விளம்பரச் செலவு மிச்சம்" என்றார். அன்று மதியமே என் அறைக் கதவுக்குப் பெயர்ப்பலகை செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். பதினைந்து வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. முக்வானாவுக்குப் போனில் சொன்னேன். "நல்லது" என்றார்.

மகோகாவுக்குப் போன் செய்யத்தான் தயக்கமாக இருந்தது. அவனே செய்தான்.

"நாப்பத்தொண்ணுக்கா. நீங்க?"

சொன்னேன்.

"அதான பாத்தேன்." மனப்பூர்வமாகத்தான் சொன்னான். அது எனக்குக் கேட்டது.

"மே மாசம் திரும்ப எழுதற. சனிக்கெழம ஏழு மணிக்குக் கடைக்கு வந்துரு."

"ஒங்களுக்குத்தான் முடிஞ்சுருச்சே. தலைமைக் கணக்காளரம்மா அங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?"

"வாடா."

சனிக்கிழமை நான் வீட்டிலேயே ஒரு கேள்வி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எதையும் மாற்றவில்லை, சரியான கேள்வி. அவன் குனிந்து எழுதினான். முப்பதாவது நிமிடம் கூட்டினான், வித்தியாசம் வந்தது, தலையைச் சொறிந்தான், முதல் வரியிலிருந்து மறுபடி விரலால் தடவ ஆரம்பித்தான். நான் எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வரியில் கடனாளிகளின் தொகை. தவறு அங்கேதான் இருந்தது, எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவன் விரல் அதற்கு ஒரு வரி மேலே நின்றது.

"அக்கா, ஒரே நிமிஷம். கிட்ட வந்துட்டேன்."

முப்பத்தாறு நிமிடம் ஆகிவிட்டது. தாளை அவன் கையிலிருந்து உருவி, மடித்து, என் பைக்குள் வைத்தேன்.

"அடுத்த கேள்வி" என்றேன்.