கறுப்பு ஒட்டாத குழந்தை

பால் பண்ணையில் பாக்கெட் அடைக்கும் வேலை எனக்கு. தினம் ஒரு லிட்டர் ஓசி. ஐந்து மாத மகளை வீட்டில் விட்டு வேலைக்குத் திரும்பியதும், நாத்தனார் அவளுக்கு அதையே காய்ச்சிக் கொடுத்தாள்.

குழந்தை நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது.

"பசும்பால் வேலையக் காட்டுது. நல்லவேளை, உன் கறுப்பு ஒட்டல" என்றாள் நாத்தனார். பொய் சொல்வானேன், எனக்கும் உள்ளூரக் குளிர்ந்தது. அழாமல் தூங்கியே கிடந்ததைச் சமர்த்து என்றோம்.

எட்டாம் மாதம் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார்; உள்ளேயும் வெள்ளை.

"இது நிறமில்லம்மா. உடம்புல ரத்தமே இல்ல. பசும்பால்ல இரும்புச்சத்து கம்மி, ஒரு வயசுக்கு முன்னாடி அத யாரு குடுக்கச் சொன்னா?"

ரத்தம் ஏற்றினார்கள். ஒவ்வொரு சொட்டுக்கும், என் கறுப்பு அவள் முகத்தில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் மூச்சு நிற்கும்வரை திரும்பவில்லை.