கயிற்றில் போன விமானங்கள்

ஐரோப்பாவில் மூண்ட போரில் அமெரிக்கா யார் பக்கமும் இல்லை. 1940 ஜனவரியில், வடக்கு டகோட்டாவில் இதை ஹால்வார் த்வெய்த் அளவுக்கு நம்பியவர் யாருமில்லை. முந்தைய போரில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். ஒரே மகன் எய்னாருக்கு இருபது வயது. அவன் போருக்குப் போகக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவருடைய கோதுமை வயல் கனடா எல்லையில் முடிகிறது. கனடா போரில் இருந்தது. போரில் இருக்கும் நாட்டுக்குள் நம் ஆட்கள் விமானம் ஓட்டிப் போகக் கூடாது என்றது நம் சட்டம். விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது. அதனால் குண்டுவீசும் விமானங்கள் ஹால்வாரின் உறைந்த வயலில் வந்து இறங்கும். அவர் குதிரைகளைப் பூட்டி எல்லைக்கோடு வரை இழுத்துப்போய்க் கயிற்றை வீசுவார். அந்தப் பக்கம் கனடாக்காரர் மக்ரேயின் குதிரைகள் இழுத்துக்கொள்ளும். நம் குதிரைகள் மகா யோக்கியமானவை, கோட்டைத் தாண்டி ஒரு குளம்பு வைத்ததில்லை.

சுங்க அதிகாரி குவிம்பி காப்பியை உறிஞ்சியபடி, "பறக்கவில்லை" என்று நோட்டில் எழுதிக்கொள்வார்.

"அப்பா, நாம யாரு பக்கம்?" என்று எய்னார் கேட்டான்.

"யாரு பக்கமும் இல்லடா."

"அப்ப இந்தக் குண்டெல்லாம் யாரு தலையில விழும்?"

"இரும்பு எங்க போனா நமக்கென்ன? நம்ம ஆளு எவனும் போகல இல்ல?"

அன்று காற்று பலம். பனியில் விமானத்தின் வால் பக்கம் வழுக்கியது. யாராவது பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும்.

"உம்ம பையனே புடிச்சிட்டுப் போயிட்டு வரட்டுமே," என்றார் குவிம்பி.

"கெட்டியாப் புடிடா," என்று ஹால்வாரே சொல்லி அனுப்பினார்.

எய்னார் கோட்டைத் தாண்டினான். வாலை விட்டான். திரும்பி வராமல் மக்ரேயின் பனிவண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"வின்னிபெக் போறேம்ப்பா, கனடா விமானப்படையில சேர," என்று அங்கிருந்தே கத்தினான்.

ஹால்வார் குவிம்பியிடம் ஓடினார். "யோவ் குவிம்பி, அவனை நிறுத்துய்யா."

"எப்படி நிறுத்துறது? பறந்தா போனான்? நடந்துதானே போனான்."

"எம் புள்ளைய்யா அவன்."

குவிம்பி நோட்டை மூடினார். இத்தனை விமானங்களைப் பார்த்தும் பார்க்காத கண்ணுக்கு ஒரு பையன் எம்மாத்திரம்? பனிவண்டி போய்விட்டது. அதற்குள் அடுத்த விமானம் வயலில் இறங்கி நின்றது.

"கட்டுய்யா குதிரையை," என்றார் குவிம்பி.

மாட்டேன் என்று சொல்லத்தான் ஹால்வார் வாயெடுத்தார். என்றைக்காவது மகன் ஏறப்போவது இதுவாகவும் இருக்கலாம் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டார். இறக்கையில் படிந்த பனியைக் கையாலேயே துடைத்தார். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். இந்தப் பாழாய்ப்போனது நன்றாகப் பறக்க வேண்டும் கடவுளே என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டு, கயிற்றைக் கட்டினார்.