கல்யாண வண்டி

"ஏசியக் கொறை, அப்பாவுக்குக் குளுருது" என்று பின் சீட்டிலிருந்து அம்மா தனக்கொடி சொன்னாள். ஓட்டிக்கொண்டிருந்த அன்புசெல்வி குறைத்தாள். அம்மாவின் மடியில் அப்பாவின் தலை இருந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள், சாயங்காலம் வரை தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வேண்டாம், என் வண்டியிலேயே போகிறேன் என்று ஜாடை காட்டியது அப்பா இருசப்பன்தான். அவருடைய அண்ணன் கோவிந்தசாமிக்கு அதில் சம்மதமே இல்லை. வழியில் உயிர் போய்விட்டால் பிணம் ஏறிய வண்டி என்று பெயராகிவிடும், அப்புறம் குருசுக்குப்பத்தில் எந்தப் பெண்ணும் மாலையும் கழுத்துமாக அதில் உட்கார மாட்டாள் என்றார். சொல்லிவிட்டு அவரே முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

டவுனில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த கார் அது. நீளமான கறுப்பு வண்டி, தோல் சீட்டு. ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவனுக்கு மந்திரி கார் எதற்கு என்று குப்பமே சிரித்தது. தெருவுக்குள் அதைத் திருப்பவும் முடியாது. பின்பக்கமாகவே ஓட்டி வந்து நிறுத்துவார். குளிக்காமல் தொடமாட்டார். ஒரு கல்யாணத்துக்குப் பூ வைத்து அனுப்பினார், அன்றோடு சிரிப்பு நின்றது. அதன்பின் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அந்த வண்டியில்தான் மண்டபத்துக்குப் போனார்கள். மனிதருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வருகிற தையில் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியின் மகள் அபி போக வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே நெரிசலில் வண்டி நின்றபோது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அன்புசெல்வி கண்ணாடியில் பார்த்தாள். அம்மா அழவில்லை. அப்பாவின் கண்ணை மூடிவிட்டு, உள்ளங்கையை அவர் மார்பிலேயே வைத்திருந்தாள். பெரியப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

"ஓட்டும்மா" என்றார். "வூட்ல போயி பாத்துக்கலாம்."

பிறகு போனை எடுத்து, வந்துகொண்டே இருக்கிறோம், கொஞ்சம் பால் காய்ச்சி வையுங்கள் என்று சொன்னார். அதட்டலுக்குப் பேர்போன அந்தக் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாலை தெரிய வேண்டுமே என்று அடக்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கூட்டம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கால்களைப் பிடித்த கொளஞ்சி ஒரு கணம் நின்று அன்புசெல்வியின் முகத்தைப் பார்த்தாள். பிடியை இறுக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். கூடத்தில் கிடத்தியதும் பெரியப்பா குனிந்து, "இருசப்பா, வூட்டுக்கு வந்துட்டோம்டா" என்றார். தனக்கொடி ஒரு கரண்டி பால் ஊற்றினாள். பால் உள்ளே போகவில்லை. கொளஞ்சி சட்டென்று முன்னால் வந்து மறைத்தாற்போல் உட்கார்ந்தாள். அதற்குமேல் தாங்காமல் தனக்கொடி அலறினாள்.

வாசலில் பெண்கள் குசுகுசுத்தார்கள். உயிர் வீட்டில்தான் போனதா, வண்டியிலேயே போய்விட்டதா என்று ஒருத்தி அன்புசெல்வியிடம் கேட்டும் விட்டாள். அவள் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சிதான் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள்.

"வூட்லதான் போச்சு. பாலு எறங்குச்சு, நான் பக்கத்துலதான இருந்தேன். தையில எம்பொண்ணு அந்த வண்டியிலதான் போவப்போறா."

அவள் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்த முந்தானையிலிருந்து பால் வாசற்படியில் சொட்டியது.