சாரதிக்கும் ஒரு கதை

விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்கு வேலைக்குப் போய்வரும் லூசியா ஒரு கதைப் புத்தகம் எழுதினாள். அதில், மன்னார்ப் பாலத்தில் ஒரு பஸ்ஸின் டயர் வெடிக்கிறது. சாரதி அதை மாற்றி முடிக்கும்வரை பயணிகள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பஸ் அவள் தினமும் ஏறும் பஸ்தான். பயணிகளும் அதில் வருகிறவர்கள்தான். அச்சாகி வந்ததும் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். தங்களைப் புத்தகத்தில் கண்டு எல்லோருக்கும் சந்தோசம், சாரதி கொன்ஸ்ரன்ரைனைத் தவிர.

“பிள்ளை, ஒரு டயர் மாத்த எனக்கு ஒன்பது கதையோ? ஒரு சிகரெட் முடிய முன்னம் மாத்துறவன் நான். எனக்கெண்டு ஒரு கதையும் இல்லை.”

“அண்ணை, நீங்கள் இல்லாட்டி அந்தக் கதையள் ஒண்டா சேராது. நீங்கள்தான் எல்லாத்தையும் தாங்கிறியள்.”

“அப்ப நான் றோட்டோ?”



வெளியீட்டு நாளன்று புத்தகப் பெட்டிகளும் வழக்கமான பயணிகளுமாக அதே பஸ் மன்னாருக்குப் புறப்பட்டது. பாலத்தில் ஏறியதும் கொன்ஸ்ரன்ரைன் ஓரமாக நிறுத்தி, பஸ் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். நடத்துனர் நௌஷாட் இறங்கி எல்லா டயரையும் தட்டிப் பார்த்தான்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு, அண்ணை?”

“பஸ் சுகமாத்தான் இருக்கு. நான் கதை சொல்லப்போறன். முடிஞ்சாத்தான் வெளிக்கிடுவன்.”

ஓர் ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு போனாராம். வழியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினாராம். திரும்ப ஏறியதும் சனம் மாதா பாட்டுப் பாட, இவரும் சேர்ந்து பாடிக்கொண்டே ஓட்டினாராம். மடுவில் இறங்கிய பிறகுதான் கூட வந்த தன் மனைவி பஸ்ஸில் இல்லையென்று கண்டாராம்.

“ஐயோ, தேடித் திரும்பிப் போனியளோ?” என்றார் அடம்பனிலிருந்து மருந்தெடுக்க வரும் சிவக்கொழுந்து அம்மா.

“தேவைப்படேல்லை. மனுசி கோயில் வாசலில நிக்குது. உழவு மெசினில ஏறி எனக்கு முதல் வந்திட்டுது.”

“உழவு மெசினோ!”

“பாட்டு முடியட்டுமெண்டு நான் மெள்ள ஓட்டினனான்.”

“மனுசி என்ன சொன்னது?”

“எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. மாதாவுக்குத்தான் சொன்னது. ஒரு மணித்தியாலம், முழங்காலில நிண்டு. அவ்வளவும் என்னைப் பற்றி.”

பஸ் குலுங்கச் சிரித்தது. லூசியாவின் போன் அடித்தது. வெளியீட்டு மண்டபத்திலிருந்து, விழாவை ஒழுங்குசெய்த பாதர்.

“பிள்ளை, எங்க நிக்கிறியள்? பஸ் பழுதோ?”

“இல்லை பாதர், கதை முடியேல்லை.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிரதம விருந்தினர் காத்திருந்து அலுத்துத் திரும்பிப் போய்விட்டார், வந்தவர்களுக்குச் சாப்பிட வைத்த றோல்ஸும் முடிந்திருந்தது. வேறு வழியில்லாமல் லூசியா முதற்பிரதியைக் கொன்ஸ்ரன்ரைனின் கையில் கொடுத்தாள். சபை கைதட்டியது. அவர் மேடையை விட்டு இறங்கவே இல்லை. கையெழுத்துக்கு ஆட்கள் வரிசையில் வந்தபோது லூசியாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து, தானும் ஒவ்வொரு புத்தகத்திலும் கையெழுத்து வைத்தார்.

வரிசையில் வந்த ஒரு பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“நீங்களும் சேர்ந்தோ ஐயா எழுதினது?”

“இல்லை,” என்றார் அவர். “பிள்ளை எழுதினது. நான் ஓட்டினனான்.”